192 மெகாபைட்டுக்குள் அடங்காத கர்னல் முறிவுத் தரவு: யாழ்ப்பாணத்துச் சேர்வர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

யாழ்ப்பாண நகரில் தலைமையகமும் வலிகாமம், வடமராட்சி, தீவகம் ஆகிய பகுதிகளில் கிளைகளும் கொண்ட ஒரு சிக்கனக் கடனுதவு நிறுவனத்தின் கணக்குகள் அனைத்தும் ஒரேயொரு லினக்ஸ் சேர்வரில் இருந்தன. காலையில் கிளைகள் திறக்கும் நேரத்தில் அந்தச் சேர்வர் இயங்காவிட்டால் எந்தக் கிளையிலும் பாஸ்புத்தகத்தில் ஒரு வரி பதிய முடியாது. அதன் பராமரிப்பை ஒப்பந்த அடிப்படையில் ஏற்றிருந்த மூவரில் நானும் ஒருவன். நிறுவனத்தின் பெயரும் எவருடைய பெயரும் இங்கு தேவையில்லை. நடந்தவை மட்டும் பயன்படும் என்பதால் அவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

சேர்வர் முதலில் 32 கிகாபைட் நினைவகத்துடன் வாங்கப்பட்டது. பின்னர் அது 128 கிகாபைட்டாக உயர்த்தப்பட்டது. அதே காலத்தில், பல வன்தட்டுகளை ஒன்றாக இணைத்து இயக்கும் ரெய்ட் அட்டை மாற்றப்பட்டு, 10 கிகாபிட் வேகமுள்ள இரட்டை வாயில் வலையமைப்பு அட்டையும் சேர்க்கப்பட்டது. இயங்குதளம் உபுண்டு 22.04. இயங்குதளத்தின் மைய நிரலான கர்னல் பிழையால் முறிந்தால் அதன் நினைவகத்தைச் சேமிக்கும் கேடம்ப் வசதி எங்களுக்கு முன்பிருந்தவர்களால் நிறுவப்பட்டிருந்தது. அதன் நிலையைக் கேட்டால் தயார் என்றே பதில் வந்தது. அந்தப் பதிலுக்கு மேல் நாங்கள் எதையும் கேட்கவில்லை.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பத்து, பதின்மூன்று மணித்தியாலங்கள் மின்வெட்டு நடந்த நாட்களில், சேர்வர் நின்றிருந்தால் கரண்ட் போயிருக்கும் என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடரும் வழக்கம் அந்த அலுவலகத்தில் ஊன்றிவிட்டது. மின்வெட்டுக் காலம் முடிந்த பின்னரும் அந்த வழக்கம் போகவில்லை. இந்த நிகழ்வில் எங்களைப் பல வாரங்கள் தவறான திசையில் நடத்தியதும் அதுவே.

முதல் மூன்று மறுதொடக்கங்கள்

ஐந்து வாரங்களுக்குள் சேர்வர் மூன்று முறை இரவில் தானாக மறுதொடங்கியது. மூன்று முறையும் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் நடந்தது. காலையில் வந்த உத்தியோகத்தர்கள் சேர்வர் வழக்கம்போல் இயங்குவதைக் கண்டதால், இயங்கு நேரம் சில மணித்தியாலங்களாகக் குறைந்திருப்பதை முதல் முறை எவரும் கவனிக்கவில்லை. கணினிப் பதிவு ஒரு வரியோடு அறுந்து, அடுத்த வரியில் புதிய தொடக்கத்தைக் காட்டியது. முறிவுத் தரவு சேர வேண்டிய கோப்புறை வெறுமையாக இருந்தது.

கோப்புறை வெறுமையாக இருந்ததை நாங்கள் ஒரு சான்றாக எடுத்துக்கொண்டோம். கேடம்ப் தயாராக இருக்கிறது, கர்னல் முறிந்திருந்தால் தரவு சேர்ந்திருக்கும், தரவு இல்லை, ஆகவே கர்னல் முறியவில்லை, மின்சாரமே அறுந்திருக்கிறது. இந்தத் தர்க்கம் கேட்பதற்கு ஒழுங்காக இருந்தது. இதன் முதற்படியை மட்டும் நாங்கள் சோதித்துப் பார்க்கவில்லை. இரண்டாவது மறுதொடக்கத்திற்குப் பின் யு.பி.எஸ் மின்கலங்கள் முழுவதையும் மாற்றும்படி நாங்களே பரிந்துரைத்தோம்; நிறுவனமும் செலவழித்து மாற்றியது. பதினொரு நாட்களில் மூன்றாவது மறுதொடக்கம் நிகழ்ந்தது.

அதன் பின்னர்தான் யு.பி.எஸ் தனக்குள் வைத்திருக்கும் நிகழ்வுப் பதிவை எடுத்துப் பார்த்தோம். அந்த மூன்று இரவுகளிலும் மின்தடை பதியப்படவில்லை. மின்கலத்திற்கு மாறியதாகவும் ஒரு வரி இல்லை. அதே யு.பி.எஸ்ஸில் மின்சாரம் பெற்ற வலையமைப்பு ஆளியும் இடைவிடாது இயங்கியிருந்தது. இதை முகாமையாளரிடம் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி நியாயமானது: "தம்பி, பிழை கரண்டிலை இல்லையெண்டால் பிறகு எதிலை?" அதற்கு எங்களிடம் அன்று பதில் இருக்கவில்லை.

பரிசோதனை

வேறு வழியின்றி, கர்னலை நாங்களே முறித்துப் பார்ப்பதென்று முடிவெடுத்தோம். கிளைகள் மூடியிருக்கும் போயா (முழுநிலா) விடுமுறை நாளொன்றைத் தெரிந்தெடுத்தோம். முந்தைய இரவின் காப்புப் பிரதியை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்து உறுதிசெய்தோம். தரவுத்தளத்தை முறைப்படி நிறுத்தி, எழுதப்படாமல் நினைவகத்தில் நின்ற அனைத்தையும் வன்தட்டுக்கு அனுப்பி, தரவுப் பிரிவுகளை இணைப்பு நீக்கிய பின்னரே, கர்னலுக்கு நேரடியாகக் கட்டளையிட உதவும் சிஸ்ஆர்க்யூ வழியாக முறிவுக் கட்டளையைக் கொடுத்தோம். சேர்வரின் மேலாண்மைச் சில்லு தரும் தொலைத் திரையை ஒரு மடிக்கணினியில் திறந்து, திரையில் ஓடும் ஒவ்வொரு வரியையும் பதிவுசெய்தோம். வன்தட்டில் எதுவும் எழுதப்படாத நிலையில் இந்தத் திரைப்பதிவு ஒன்றே சான்றாகும்.

கண்டது இதுதான். முதற்கர்னல் முறிந்ததும் இரண்டாவது கர்னல் உடனே தொடங்கியது. வலையமைப்பு அட்டையின் செலுத்தி, அதாவது அதை இயக்கும் மென்பொருள், ஏறியது. அடுத்து ரெய்ட் அட்டையின் செலுத்தி ஏறத் தொடங்கி, ஐந்தாம் படிநிலைப் பக்க ஒதுக்கீடு தோல்வி என்ற செய்தியுடன் நின்றது. வன்தட்டு தென்படவில்லை. பிறகு நினைவகத் தட்டுப்பாட்டின்போது செயல்களைக் கொல்லும் கர்னலின் பொறிமுறை இயங்கி, சாதனங்களை அடையாளம் காணும் யுடெவ் செயல்களை ஒவ்வொன்றாகக் கொன்றது. முடிவில் கொல்லத்தக்க செயல் எதுவும் எஞ்சவில்லை என்று அறிவித்து இரண்டாவது கர்னலும் முறிந்தது, சேர்வர் மறுதொடங்கியது. கோப்புறை வெறுமையாகவே இருந்தது. முந்தைய மூன்று இரவுகளின் காலைகளில் கண்ட அதே வெறுமை அது.

எங்கே நினைவகம் போதாமற் போனது

கேடம்ப்பின் அடிப்படை ஏற்பாட்டை இங்கே சொல்ல வேண்டும். முறிந்த கர்னலைக் கொண்டே அதன் நினைவகத்தை எழுதச் செய்வது நம்பத்தக்கதல்ல; எந்தப் பகுதி கெட்டுப்போயிருக்கிறது என்று அப்போது எவருக்கும் தெரியாது. ஆகவே 2005இல் 2.6.13 பதிப்புடன் லினக்ஸில் சேர்ந்த கெக்செக், கேடம்ப் ஆகியவற்றின் வழி வேறானது. கணினி தொடங்கும்போதே நினைவகத்தில் ஒரு துண்டு ஒதுக்கப்பட்டு, அதற்குள் இரண்டாவது கர்னல் ஏற்றி வைக்கப்படுகிறது. முதற்கர்னல் முறிந்தால், வன்பொருளின் தொடக்கச் சோதனைகளுக்குப் போகாமல் நேரே இந்த இரண்டாவது கர்னல் எழுகிறது. பழைய நினைவகம் முழுவதும் அதற்கு விஎம்கோர் என்ற கோப்பாகத் தெரியும். ஆனால் தான் இயங்குவதற்கு ஒதுக்கப்பட்ட அந்தத் துண்டை மட்டுமே அது பயன்படுத்தலாம். 128 கிகாபைட் உள்ள கணினியில் நின்றுகொண்டு, அது சிறிய கணினியொன்றாகவே வாழ வேண்டும். எங்கள் சேர்வரில் இந்தத் துண்டின் அளவு 192 மெகாபைட். 512 மெகாபைட்டுக்கு மேல் நினைவகமுள்ள எந்தக் கணினிக்கும் இவ்வளவு என்று உபுண்டு 22.04 வைத்திருக்கும் பொது அளவு அது. எங்கள் வன்பொருளை அறிந்து எவரும் இட்ட அளவல்ல.

நினைவகத்தை நான்கு மடங்காக உயர்த்தியதே காரணம் என்று எங்களுள் ஒருவர் முதலில் கருதினார். சேமிக்க வேண்டியது பெருகினால் சேமிக்கும் கருவிக்கும் கூடுதல் நினைவகம் தேவைப்படும் என்பது இயல்பான எண்ணம். கணக்கிட்டுப் பார்த்தோம். 128 கிகாபைட்டை 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரித்தால் 33,554,432 பக்கங்கள். முறிவுத் தரவை வடிகட்டி எழுதும் மேக்டம்ப்ஃபைல் என்ற கருவி ஒரு பக்கத்துக்கு ஒரு பிட் என்ற அளவில் இரண்டு வரைபடங்களை வைத்துக்கொள்கிறது. ஒன்றுக்கு 4 மெகாபைட், இரண்டுக்கும் சேர்த்து 8 மெகாபைட். அதுவும் 1.5.0 பதிப்பிலிருந்து, இடம் போதாவிட்டால் வரைபடத்தைத் துண்டு துண்டாகச் சுழற்சி முறையில் கையாள அதனால் முடியும். மேலும், எங்கள் பரிசோதனையில் அந்தக் கருவி தொடங்கவேயில்லை. ஆகவே அந்த ஊகத்தைக் கைவிட்டோம்.

உண்மையான செலவு வேறிடத்தில் இருந்தது. திரைப்பதிவிலிருந்தும், பின்னர் பெரிய ஒதுக்கீட்டுடன் நடத்திய பரிசோதனைகளில் கட்டத்துக்குக் கட்டம் பதிந்த நினைவகக் கணக்கிலிருந்தும் இப்படித் தேறியது. கர்னலும் அதன் உள்ளமைப்புகளும் ஏறக்குறைய 45 மெகாபைட். கர்னல் எழும்போது தேவைப்படும் செலுத்திகளும் கருவிகளும் அடங்கிய தொடக்கக் கோப்புப் பொதி சுருங்கிய நிலையில் 24 மெகாபைட். விரிந்தபின் 68 மெகாபைட். விரியும் வேளையில் இரண்டும் ஒருங்கே நினைவகத்தில் நிற்கும். இந்தப் பொதி விரிந்து நிற்பது நினைவகத்திலேயே என்பதால், உண்மையான வன்தட்டுப் பிரிவுக்கு மாறும்வரை அந்த 68 மெகாபைட்டை எவராலும் திரும்பப் பெற முடியாது. வலையமைப்பு அட்டையின் இரு வாயில்களும் 26 மெகாபைட்டை எடுத்தன. ரெய்ட் அட்டைக்கு 30 மெகாபைட் தேவைப்பட்டது. யுடெவ் உள்ளிட்ட செயல்களுக்கு ஏறத்தாழ 20. சுருங்கிய பொதியைச் சேர்க்காமலே மொத்தம் 189. தரவை எழுதும் கருவி தொடங்குவதற்கு முன்பே பாத்திரம் நிரம்பிவிட்டது.

கூட்டுத்தொகை மட்டும் காரணமல்ல என்பதையும் குறிப்பிட விரும்புகிறேன். ரெய்ட் செலுத்தி தோற்ற கணத்தில் ஏறக்குறைய 9 மெகாபைட் வெறுமையாக இருந்ததாகத் திரை காட்டியது. ஆனால் அந்தச் செலுத்தி கேட்டது ஐந்தாம் படிநிலை ஒதுக்கீடு, அதாவது ஒன்றோடொன்று தொடர்ந்த 32 பக்கங்கள், 128 கிலோபைட். வெறுமையாக இருந்தவை ஒன்றும் இரண்டுமாகச் சிதறிய பக்கங்கள். கர்னல் மூன்றாம் படிநிலைக்கு மேற்பட்ட கோரிக்கை நிறைவேறாவிட்டால் பொதுவாக எந்தச் செயலையும் கொல்வதில்லை. கோரியவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அதனால்தான் வன்தட்டு காணாமற்போனது ஒரேயொரு வரியுடன் முடிந்தது. செயல்கள் கொல்லப்பட்ட ஆரவாரம் அதற்குப் பின்னரே வந்தது. பின்னால் வந்த ஆரவாரத்தை மட்டும் பார்த்திருந்தால், வன்தட்டு முன்பே இல்லாமற் போய்விட்டது என்பதை நாங்கள் தவறவிட்டிருப்போம்.

பொதி இவ்வளவு பெருத்திருந்ததற்கும் காரணம் இருந்தது. ரெய்ட் அட்டை மாற்றப்பட்டபோது, புதிய அட்டையின் செலுத்தி விடுபட்டுவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கையில், எல்லாச் செலுத்திகளையும் பொதியில் சேர்க்கும்படி அமைப்பு மாற்றப்பட்டிருந்தது. முதற்கர்னலுக்கு அந்தத் தாராளம் தீங்கு செய்யவில்லை. இரண்டாவது கர்னலுக்கும் அதே தாராளம் போய்ச் சேர்ந்ததுதான் தீங்கு.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

இரண்டு கருத்துகள் எழுந்தன. எங்களுள் மூத்தவர், ஒதுக்கீட்டை 1 கிகாபைட்டாக உயர்த்திவிட்டால் போதும் என்றார். இளையவர், 192 மெகாபைட்டை அப்படியே வைத்துக்கொண்டு பொதியை மெலிய வைக்க வேண்டும் என்றார். இரண்டிலும் உண்மை இருந்தது. ஒதுக்கிய துண்டு அன்றாட வேலைக்குக் கிடைக்காது; கிளைகளில் உள்ள 8 கிகாபைட் கணினிகளில் 1 கிகாபைட் பெரிய இழப்பு. ஆனால் 128 கிகாபைட்டில் அது நூற்றுக்கு ஒன்றுகூட ஆகாது. மறுபுறம், அளவை மட்டும் உயர்த்திவிட்டு வீண்செலவைத் தொடரவிட்டால், அடுத்த வன்பொருள் மாற்றத்தில் அதே இடத்திற்குத் திரும்புவோம். அளந்த பின்னரே தீர்மானிப்பதென்று ஒப்புக்கொண்டோம்.

அளப்பதற்கு ஒரு வசதி கைகொடுத்தது. ஒதுக்கிய துண்டை ஓடும் கணினியில் பெரிதாக்க முடியாது. ஆனால் இரண்டாவது கர்னலை இறக்கிவிட்டால் சிறிதாக்கலாம். ஆகவே தொடக்க அமைப்பில் 1 கிகாபைட்டை ஒருமுறை எழுதிவிட்டு, ஒவ்வொரு பரிசோதனைக்கு முன்னரும் துண்டைச் சுருக்கி, இரண்டாவது கர்னலை மீண்டும் ஏற்றி, முறித்துப் பார்த்தோம். பரிசோதனை முடிந்து சேர்வர் எழும்போது தானாகவே 1 கிகாபைட்டுக்குத் திரும்பியிருக்கும். 1 கிகாபைட்டில் தரவு முழுமையாகச் சேர்ந்தது. உச்சப் பயன்பாடு 236 மெகாபைட். 384இல் சேர்ந்தது. 256இல் சேர்ந்தாலும், மிக நெருக்கடியான கணத்தில் 11 மெகாபைட்டே எஞ்சியது.

அதன் பின்னர் மெலிவிக்கத் தொடங்கினோம். இரண்டாவது கர்னலுக்குரிய பொதியில் இந்தக் கணினிக்குத் தேவையான செலுத்திகள் மட்டும் இருக்கும்படி மாற்றியதில், விரிந்த அளவு 68 மெகாபைட்டிலிருந்து 29ஆகக் குறைந்தது. தரவை உள்ளேயுள்ள வன்தட்டிலேயே எழுதுவதால் வலையமைப்பு அட்டையின் செலுத்தியை முற்றாக விலக்கினோம். ஒரே நேரத்தில் இயங்கும் யுடெவ் செயல்களின் எண்ணிக்கையை இரண்டாக வரையறுத்தோம். ஒரு மையச் செயலி மட்டும் என்ற கட்டளை முன்பே இருந்தது. சாதனங்களை மீளமைக்கச் சொல்லும் ரீசெட் டிவைசஸ் என்ற கட்டளை விடுபட்டிருந்தது. அது இருந்தால், முறிவுக்குப் பின்னான தொடக்கம் இது என்று உணரும் சில செலுத்திகள் தம் வரிசைகளையும் இடையகங்களையும் குறைத்துக்கொள்கின்றன. இவை அனைத்துக்கும் பின் உச்சப் பயன்பாடு 148 மெகாபைட் ஆனது.

148 என்றால் 192 போதுமே என்று இளையவர் சொன்னார். எண் அவர் பக்கம்தான் இருந்தது. ஆயினும் 512 மெகாபைட் என்று முடிவுசெய்தோம். சிதறல் காரணமாக, கூட்டுத்தொகையில் இடமிருந்தும் தொடர்ந்த பக்கங்கள் கிடைக்காத நிலையை நாங்கள் நேரிலேயே கண்டிருந்தோம். கர்னல் இற்றைப்படுத்தல்கள் செலுத்திகளின் பசியை மாற்றக்கூடும். 512 மெகாபைட் இந்தச் சேர்வரின் நினைவகத்தில் 0.4 வீதம், அந்த விலைக்கு இந்த நிம்மதி மலிவானது என்பது என் கருத்து.

எந்தப் பக்கங்களைச் சேமிக்காமல் விலக்குவது என்று மேக்டம்ப்ஃபைலுக்குச் சொல்லும் வடிகட்டல் அளவை 31 ஆகவே விட்டோம். சுழியப் பக்கங்கள், கோப்பு இடையகப் பக்கங்கள், பயனர் செயல்களின் பக்கங்கள், வெறுமைப் பக்கங்கள் யாவும் விலக்கப்பட்டுக் கர்னலின் பக்கங்கள் மட்டும் சேமிக்கப்படும். இடச் சிக்கனத்தைவிட இதற்கு வலுவான காரணம் எங்களுக்கு இருந்தது. பயனர் பக்கங்களில் அங்கத்தவர்களின் பெயரும் கணக்கு நிலுவையும் அப்படியே இருக்கும்.

இடையில் ஒரு தடங்கல்

இறுதி அளவுடன் செய்த முதற்பரிசோதனையில் தரவு எழுதத் தொடங்கி, பாதிவழியில் சேர்வர் மறுதொடங்கியது. மீண்டும் நினைவகமா என்று கலங்கினோம். எந்த நினைவகப் பிழையும் திரையில் இல்லை. மேலாண்மைச் சில்லின் காவல் மணி, குறித்த நேரத்துக்குள் கர்னலிடமிருந்து பதில் வராததால் கணினியை மீளமைத்திருந்தது. அந்த மணிக்குப் பதில் சொல்லும் செலுத்தியை மெலிவிக்கும் ஆர்வத்தில் நாங்களே பொதியிலிருந்து நீக்கியிருந்தோம். அதைத் திரும்பச் சேர்த்தோம். அதற்குப் பின் அன்று மாலைவரை நடத்திய மூன்று பரிசோதனைகளிலும் தரவு முழுமையாகச் சேர்ந்தது.

தொடர்ந்து நடந்தது

பத்தொன்பது நாட்களுக்குப் பின், இரவு இரண்டு மணியளவில் சேர்வர் மீண்டும் முறிந்தது. காலையில் கோப்புறையில் 2.3 கிகாபைட் அளவில் தரவும், கர்னலின் இறுதிச் செய்திகளும் இருந்தன. கிராஷ் என்ற பகுப்பாய்வுக் கருவிக்கு, அதே கர்னல் பதிப்புக்குரிய பிழைநீக்கக் குறியீடுகள் தேவை. அவற்றை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்ததால் முறிந்த கணத்தில் எந்த நிரற்பகுதி எதை அழைத்திருந்தது என்று காட்டும் அழைப்பு வரிசையை ஒரு மணித்தியாலத்துக்குள் பார்த்துவிட்டோம். காப்புப் பிரதி எடுக்கும் ஒரு வணிக மென்பொருள், வன்தட்டின் கண நிலையைப் பிடிப்பதற்காகக் கர்னலுக்குள் ஏற்றியிருந்த தனிக்கூறு, அந்தக் கண நிலையை விடுவிக்கும் கட்டத்தில், நினைவகத்தில் எந்த இடத்தையும் காட்டாத வெற்றுச் சுட்டியைத் தொட்டிருந்தது. காப்புப் பிரதி நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்குத் தொடங்கும்படி குறிக்கப்பட்டிருந்தது. மூன்று மறுதொடக்கங்களும் ஒன்றரைக்கும் மூன்றுக்கும் இடையில் நிகழ்ந்ததன் பொருள் அப்போதுதான் விளங்கியது.

அந்தக் கூறை நீக்கி, வன்தட்டுப் பிரிவுகளை மேலாளும் லினக்ஸ் வசதியான எல்விஎம்மின் கண நிலைகளையும் தரவுத்தளத்தின் சொந்த ஏற்றுமதியையும் கொண்டு காப்புப் பிரதியை மாற்றியமைத்தோம். மென்பொருளை வழங்கியவர்கள் முறிவுத் தரவு முழுவதையும் கேட்டார்கள். நாங்கள் அழைப்பு வரிசையையும் கர்னல் செய்திகளையும் மட்டும் அனுப்பினோம். பயனர் பக்கங்கள் விலக்கப்பட்டிருந்தாலும், கர்னலின் வலையமைப்பு இடையகங்களில் அங்கத்தவர் விவரங்கள் துண்டுகளாக எஞ்சியிருக்கலாம். அந்தக் கோப்பை நிறுவனத்துக்கு வெளியே அனுப்பும் உரிமை எங்களுக்கில்லை. வழங்குநர்கள் தந்த வரிகளைக் கொண்டே பிழையை ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பின்னான நான்கு மாதங்களில் சேர்வர் தானாக ஒருமுறையும் மறுதொடங்கவில்லை.

மீண்டும் செய்ய நேர்ந்தால்

முதல் மறுதொடக்கத்தின் மறுநாளே யு.பி.எஸ்ஸின் பதிவைப் பார்ப்பேன். ஐந்து நிமிட வேலை அது. மின்கலங்களுக்குப் போன பணம் மிஞ்சியிருக்கும். அந்தப் பணம் அங்கத்தவர்களுடையது என்பது இன்னமும் எனக்கு உறுத்துகிறது.

நெட்கொன்சோலையும் முதல் நாளே அமைத்திருப்பேன். கர்னலின் செய்திகளை வலையமைப்பு வழியாக இன்னொரு கணினிக்கு உடனுக்குடன் அனுப்பும் அந்த வசதிக்கு இரண்டாவது கர்னலும் தேவையில்லை, ஒதுக்கிய நினைவகமும் தேவையில்லை. முழு நினைவகத்தை அது தராது. எனினும் எந்தக் கூறில் முறிந்தது என்ற வரியை இரண்டாவது இரவிலேயே தந்திருக்க வாய்ப்புண்டு. இப்போது இரண்டு வசதிகளும் சேர்ந்தே இயங்குகின்றன.

கேடம்ப் தயார் என்ற பதிலை இனி நாங்கள் வேறுவிதமாக வாசிக்கிறோம். இரண்டாவது கர்னல் ஒதுக்கிய துண்டுக்குள் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. எழுந்து, வன்தட்டைக் கண்டு, எழுதி முடிக்குமா என்பதை முறித்துப் பார்த்தே அறியலாம். ஆகவே கர்னல் இற்றைப்படுத்தலுக்குப் பின்னும், எந்த அட்டை மாற்றப்பட்டாலும், அடுத்து வரும் போயா விடுமுறையில் ஒரு பரிசோதனை என்று பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே எழுதிச் சேர்த்துவிட்டோம். பரிசோதனையின் உச்சப் பயன்பாட்டு எண்ணைப் பதிவேட்டில் குறிப்பதும் அதில் அடங்கும்.

கிளைகளின் 8 கிகாபைட் கணினிகளுக்குத் தலைமையகத்தின் 512 மெகாபைட்டை அப்படியே கொண்டுபோகவில்லை. அவற்றில் ரெய்ட் அட்டையும் இல்லை, 10 கிகாபிட் அட்டையும் இல்லை. இதுவரை இரண்டை அளந்திருக்கிறோம். மெலிவித்த பொதியுடன் இரண்டிலும் 192 மெகாபைட்டுக்குள் தரவு சேர்ந்தது. ஒன்றில் எஞ்சியது 31 மெகாபைட் மட்டுமே என்பதால், அந்தக் கணினியை 256க்கு உயர்த்தி அடுத்த போயாவில் மீண்டும் முறித்துப் பார்க்க ஒழுங்கு செய்திருக்கிறோம். தீவகக் கிளையின் கணினி இன்னும் அளக்கப்படவில்லை.